ஃப்ரிட்ஜ் கதவில் இல்லாதது

திரு, திருமதி ஒகாம்போவுக்கு,
ஆங்கிலத் தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.
அதில் தேதிகள், அளவுகள்,
கால்வாய் அலுவலகத்தின் தொலைபேசி எண்.
இது மிச்சம். உங்களால் வாசிக்க முடியாது என்பதால்
எழுத எளிதாயிருக்கிறது.

மேசாவில் கோடைத் தண்ணீர்
பதின்மூன்று நாளுக்கு ஒருதரம், முறை வைத்து வரும்.
நம் முறை பெரும்பாலும் பின்னிரவு மூன்று மணி.
பின்சந்தில் மடைச் சக்கரம்.
இடப்பக்கம் சுற்றுங்கள், துருவோடு வாதாடாதீர்கள்.
நமக்கு முந்தைய முறை வெண்டல் ஹாஸ்.
பேசமாட்டார். பாய்ச்சி முடித்ததும்
ஸ்பானரால் மதிலை இரண்டு தட்டு.
பதிலுக்கு நான் ஒரு தட்டு.
பதினோரு வருட உரையாடல் அவ்வளவுதான்.
நீங்கள் தட்டாவிட்டால்
அவர் இருட்டில் நின்றுகொண்டே இருப்பார்.

தண்ணீர் கணுக்காலுக்கு ஏறும், செருப்பைக் கழற்றிவிடுங்கள்.
சில நாள் விரல்நீள மீன்குஞ்சு ஒன்று வழிதவறி வரும்.
விடிவதற்குள் பூனை பார்த்துக்கொள்ளும்.

ஆரஞ்சின் தென்மேற்குப் பக்கம் வெள்ளையடிக்க வேண்டும்,
பாதி பெயிண்ட், பாதி தண்ணீர்.
நிழல் தந்த கிளையை வெட்டியவர்கள்
அடிமரத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஜூனில் பிஞ்சுகள் கோலிக்குண்டாய்க் கொட்டும்.
முதல் வருடம் பொறுக்கி எண்ணினேன்:
நானூற்றுப் பன்னிரண்டு.
எண்ணாதீர்கள்.

மாதுளையை வாரக்கணக்கில் காயப்போட்டுவிட்டு
ஒருநாள் குற்றவுணர்ச்சியில் கொட்டினால்
பழம் வெடித்துவிடும்.
பரஞ்சோதியும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்
அன்பாயிருந்தார்.

புதிதாய் எது நட்டாலும் கடப்பாரை வேண்டும்.
ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான்பாறை.

எலுமிச்சை இருந்த இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.
ஜனவரி, அந்த வருடத்தின் நான்காவது உறைபனி இரவு.
பரஞ்சோதி போய் மூன்று வாரம்.
அலமாரியில் விட்டுப்போன வேட்டிகள் நான்கையும்
கிளிப் போட்டு மரத்துக்குப் போர்த்தினேன்.
விடியலில் மதிலுக்கு மேல் வெண்டல் ஹாஸின் தலை.
வெகுநேரம் பார்த்தார். தட்டவில்லை.

ஆனாலும் கருகியது. வேட்டி தரையைத் தொடவில்லை.
காப்பது துணியல்ல, துணி பிடித்துவைக்கும்
மண்ணின் சூடு என்று பிறகுதான் படித்தேன்.
பிப்ரவரியில் ரம்பம் எடுத்தேன்.
காய்ந்ததாய்த் தோன்றியதையெல்லாம் அறுத்தேன்.
மூன்றாவது கிளையில் பச்சை கசிந்தது.
நிறுத்தியிருக்கலாம்.

எது செத்தது என்பது
ஏப்ரலுக்கு முன் யாருக்கும் தெரியாது.
ஆங்கிலத் தாளில் இதை மட்டும்
சிவப்பில் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

இப்போது அங்கே நிற்பது எலுமிச்சை அல்ல,
ஒட்டுக்குக் கீழிருந்து எழுந்த காட்டு நாரத்தை மாதிரி ஒன்று.
முள், கசப்பு, ஏராளமான காய்.
பிடுங்கச் சொன்னார்கள்.
ஊறுகாய்க்கு ஆகும் என்று விட்டுவைத்தேன்.
உங்கள் வீட்டில் ஊறுகாய் உண்டா, கேட்க மறந்தேன்.

கறிவேப்பிலையை என்னோடு கொண்டுபோக வழியில்லை.
கலிபோர்னியா எல்லை, பிளைத் சோதனைச் சாவடி,
காரில் செடி உண்டா என்பார்கள்.
எலுமிச்சைக் குலத்தையே அழிக்கும் நோயின் பூச்சி
அதன் துளிரில்தான் தங்குமாம்.
பொய் சொல்லலாம், வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.
சக்கரம் வைத்த தொட்டியில் விட்டிருக்கிறேன்.
நவம்பர் கடைசியில் கராஜுக்குள் தள்ளுங்கள்.
இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாய் நிற்கும்.
குப்பைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.
மேலே சொன்ன ஏப்ரல் இதற்கும்தான்.

மடைச் சாவி சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில்.
அடுத்த முறை வியாழன், இரண்டு ஐம்பது.
பேக்கர்ஸ்ஃபீல்டில் அந்நேரம் நான் விழித்திருப்பேன்,
வேலை ஒன்றுமில்லாமல், பழக்கதோஷத்தில்.

முதல் தட்டு கேட்டதும் அவசரப்படாதீர்கள்.
இரண்டாவதும் வரட்டும்.